காங்கேயம் மாட்டிலும் குதிரையிலும் கருமுட்டை எடுத்தல்: பண்ணையாளருக்கு முழுமையான வழிகாட்டி

காங்கேயம் பசு முதல் கன்றை ஈனவே மூன்றரை வயதிலிருந்து நான்கு வயது ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகும் ஈத்துக்கு ஈத்து ஓராண்டுக்கு மேல் இடைவெளி விழுவதால், உடற்கட்டும் குணமும் பாலும் ஒருசேர அமைந்த மாடு ஒன்று தன் ஆயுளில் கொடுக்கும் கிடாரிக் கன்றுகளைக் கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதே மாடு தாய் வயிற்றிலிருந்து பிறந்தபோது அதன் இரண்டு சினைப்பைகளிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கருமுட்டைகள் இருந்தன. 21 நாள் பருவச் சுழற்சி ஒன்றில் கருமுட்டையைத் தாங்கும் நீர்ப்பைகள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக வளர்கின்றன. ஒவ்வோர் அலையிலும் ஒன்று மட்டும் பெரிதாக, மற்றவை வாடி மறைகின்றன. வாடிப் போகவிருக்கும் அந்த நீர்ப்பைகளிலிருந்து கருமுட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் விந்துடன் சேர்த்துக் கருவாக்கி, வேறு பசுக்களின் கருப்பையில் வைப்பதே இங்கு சொல்லப்படும் முறை. மாட்டின் முட்டைக் கையிருப்பை இது தீர்த்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வீணாகப் போவதைத்தான் எடுக்கிறோம் என்பதால் அந்த அச்சம் தேவையில்லை.

பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் குழாயைச் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே பசுவின் கருமுட்டையை உறிஞ்சும் முறையை 1988இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1981இல், ஆய்வகத்தில் கருவான முதல் கன்று அமெரிக்காவில் பிறந்திருந்தது. நம் நாட்டில் 1990இல் கர்னால் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் அம்முறையில் எருமைக் கன்று பிறந்தது. பழைய கருமாற்ற முறையில் கொடைப் பசுவுக்கு, அதாவது முட்டை தரும் பசுவுக்கு, ஹார்மோன் ஊசிகளை அடுத்தடுத்துப் போட்டுப் பல முட்டைகளை முதிர வைத்து, சினை ஊசி போட்டு, ஏழாம் நாள் கருப்பையைக் கழுவிக் கருக்களை எடுப்பார்கள். உறிஞ்சும் முறையில் ஹார்மோன் கட்டாயமில்லை, மாடு பருவத்தில் இருக்க வேண்டியதில்லை, மூன்று மாதம் வரையிலான சினையில்கூட எடுக்கலாம், கருக்குழாய் அடைத்துப்போய்ச் சினை நிற்காத மாட்டிலும் எடுக்கலாம். நாட்டினங்களுக்கு, அதாவது திமில் உள்ள மாடுகளுக்கு, இது குறிப்பாகப் பொருந்தும். சீமை மாட்டைவிட இவற்றின் சினைப்பையில் ஓர் அலையில் வளரும் நீர்ப்பைகள் பொதுவாக அதிகம்.

கொடைப் பசுவைத் தேர்ந்தெடுத்தல்

முழு வேலையிலும் பண்ணையாளர் தன் அறிவைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஊசி பிடிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சாதாரண மாட்டிலிருந்து சாதாரணக் கன்றுதான் வரும், ஆனால் பத்து மடங்கு செலவில் வரும். கொம்பு, திமில், நிறம் மட்டும் பார்த்துச் சந்தை விலையை வைத்து மாட்டைத் தேர்ந்தெடுப்பது போதாது. அந்த மாடு எத்தனை ஈத்து ஈன்றது, ஈத்துக்கு இடையில் எத்தனை மாதம் விட்டது, கன்றை ஊட்டிய பிறகு எவ்வளவு கறந்தது, அதன் தாய் எப்படி இருந்தது, அதன் மகன்கள் வண்டியிலோ உழவிலோ எப்படி நின்றன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காங்கேயத்தில் பாலுக்காக மட்டும் இந்தச் செலவில் இறங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் இனத்தில் செலவு பாலால் திரும்பாது. இனத்தைக் காப்பது, இனவிருத்திக்கான பூச்சிக்காளை உருவாக்குவது, அழிந்துவரும் வழியைத் தக்கவைப்பது ஆகியவையே கணக்கில் நிற்கும் காரணங்கள். பர்கூர் மலை மாட்டுக்கும் இதே அளவுகோல்தான்.

ஊரே மெச்சும் ஒரு மாட்டிலிருந்தும் ஒரே காளையின் விந்திலிருந்தும் அறுபது கன்றுகள் உண்டானால், ஐந்தாறு ஆண்டுகளில் தாராபுரம் முதல் வெள்ளகோவில் வரை கட்டுத்தரைகளில் நிற்பவை எல்லாம் அண்ணன் தங்கையாகிவிடும். எண்ணிக்கை குறைந்த இனத்துக்கு நெருங்கிய உறவில் இனச்சேர்க்கை செய்வதால் வரும் கேடு, கலப்பினத்தால் வரும் கேட்டுக்கு இளைத்ததன்று. ஆகவே ஒரு மாட்டில் இருபது முறை எடுப்பதைவிட, உறவில்லாத ஐந்து மாடுகளில் நான்கு நான்கு முறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காளையின் விந்தைப் பயன்படுத்துவது நல்லது. மயிலை நிறம் மட்டும் வேண்டும் என்று நிற்காமல் காரி, செவலை நிற வழிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் முதலில் ஸ்கேன் செய்து, இரண்டு சினைப்பைகளிலும் தெரியும் சிறு நீர்ப்பைகளை எண்ணுவார். இந்த எண்ணிக்கை ஒரு மாட்டுக்கு ஆயுள் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் என்பதால், பத்துக்குக் கீழே எண்ணும் மாட்டில் அடுத்த மாதம் முப்பது கிடைக்கும் என்று காத்திருப்பது வீண். கன்று வீச்சு, காசநோய், ஜோனிஸ் நோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் இப்போதே முடிந்திருக்க வேண்டும். நோயுள்ள மாட்டின் கரு நோயைப் பரப்பும் வழியாகிவிடக்கூடாது. உடலளவு போதாத கிடாரியில் குழாயே நுழையாது என்பதால் அவற்றை விட்டுவிடலாம். ஈன்ற பசுவுக்குக் கருப்பை சுருங்கி, நஞ்சுக்கொடிச் சிக்கல் எதுவும் இல்லையென்று தெரிந்து, ஐம்பது அறுபது நாள் கழிந்த பின்பே நாள் குறிக்க வேண்டும்.

தீவனம், காலம், பழக்கம்

நீர்ப்பைக்குள் ஒரு கருமுட்டை வளர்ந்து எடுக்கும் நிலைக்கு வரப் பல வாரங்கள் பிடிக்கும். இன்று எடுக்கும் முட்டை போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் மாடு எப்படி இருந்தது என்பதைக் காட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் வாடிய மாட்டிலிருந்து வைகாசியில் எடுத்தால் எண்ணிக்கை குறையாவிட்டாலும் தரம் குறையும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கி ஆனி, ஆடி கழிந்த பின்பு எடுப்பது மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொரங்காடு எனப்படும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் தழைத்து, மாடு மேய்ந்து தேறிய பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரை எடுப்பது எங்கள் பகுதிக்கு மிகப் பொருத்தமான காலம். நாட்டு மாடு வெயிலைத் தாங்கும் என்பது உண்மைதான். தாங்கும் என்பதற்காகச் சோதிக்க வேண்டியதில்லை.

எலும்பு துருத்திய மாடும் கொழுப்பேறிய மாடும் இரண்டுமே பயன்படாது. விலா எலும்பு இலேசாகத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நிலையே சரி. எடுக்கும் நாள் நெருங்குகிறது என்று திடீரெனப் புண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் கூட்டிக் கொடுப்பது பல கட்டுத்தரைகளில் நடக்கும் தவறு. புரதம் மிகுந்தால் இரத்தத்தில் யூரியா ஏறி முட்டையின் தரத்தைக் கெடுக்கும். தாது உப்புக் கலவையை இரண்டு மாதம் முன்பே தொடங்கி ஒரே அளவில் கொடுத்துவர வேண்டும். சோளத்தட்டும் மேய்ச்சலும் இருக்கட்டும். மாற்றம் எதுவானாலும் மெல்ல மெல்லச் செய்ய வேண்டும். கோமாரித் தடுப்பூசி போட்டுக் காய்ச்சல் கண்ட மாட்டிலும், மடிநோய் கண்ட மாட்டிலும் சில வாரங்களுக்கு எடுக்கக்கூடாது.

காங்கேயம் மாடு வேற்றாளை அண்டவிடாது. அதனால் வேலைநாளுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பிருந்தே நாள்தோறும் அதை, மாட்டை அசையாமல் நிறுத்தும் டிராவிஸ் என்னும் கம்பிச் சட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போய், அங்கேயே ஒரு கை தவிடு வைத்து, வாலைத் தூக்கிப் பின்பக்கம் தொட்டுப் பழக்க வேண்டும். வழக்கமாகத் தீவனம் போடும் ஆள்தான் அன்று மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க வேண்டும். மிரண்ட மாடு முக்கிக்கொண்டே இருக்கும். அப்படி முக்கும்போது மருத்துவரின் கையில் சினைப்பை நிற்காது.

கருமுட்டை எடுக்கும் நாள்

கருமுட்டை உறிஞ்சுதல் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. சினை ஊசி போடுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் விடக்கூடாது. பண்ணையாளர் செய்ய வேண்டியது இடத்தைத் தயாராக்குவது. கூரையுள்ள, காற்றும் புழுதியும் அடிக்காத இடம், வழுக்காத தரை, நிலைத்த மின்சாரம், வெந்நீர், டிராவிஸுக்குப் பக்கத்திலேயே கதவடைக்கக்கூடிய ஓர் அறை ஆகியவை வேண்டும். நுண்ணோக்கி அந்த அறையில்தான் இருக்கும். மின்வெட்டு வந்தால் வெப்பத் தட்டும் உறிஞ்சும் பம்பும் நின்றுவிடும் என்பதால் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ முன்பே ஓட்டிப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

மாட்டைச் சட்டத்துக்குள் நிறுத்தியதும் வாலின் அடியில், எலும்புகளுக்கு இடையிலுள்ள இடுக்கில், மரத்துப்போகச் செய்யும் 2 விழுக்காடு லிக்னோகெயின் மருந்தை 4 அல்லது 5 மில்லி செலுத்துவார்கள். சிறிது நேரத்தில் வால் துவண்டு தொங்கும். மாடு முக்குவது நிற்கும். ஆனால் கால்கள் வலுவிழக்காமல் நின்றுகொண்டே இருக்கும். மருந்து கூடினால் மாடு படுத்துவிடும். பின்பு சாணத்தை முழுவதும் வெளியே எடுத்து, பின்பகுதியைக் கழுவித் துடைத்து, கிருமிநாசினி தடவி, உலர விடுவார்கள். ஈரத்தோடு தொடங்கினால் அந்த நீர் ஊசியோடு உள்ளே போகும்.

ஸ்கேன் குழாயின் நுனி, உறை போட்டுக் கூழ் தடவிய நிலையில், பிறப்புறுப்பு வழியாகக் கருப்பை வாயின் பக்கவாட்டு மடிப்பு வரை செல்லும். மருத்துவரின் மற்றொரு கை ஆசனவாய் வழியாகச் சென்று, சினைப்பையைப் பிடித்து அந்த நுனியின் மேல் கொண்டுவந்து பொருத்தும். அப்போது திரையில் சினைப்பை சாம்பல் நிறமாகவும், நீர் நிறைந்த பைகள் கறுப்பு வட்டங்களாகவும் தெரியும். நுங்கை வெட்டி வைத்த தோற்றம் போல இருக்கும். குழாய்க்குள் வழிகாட்டிக் கம்பியோடு இருக்கும் 18 அல்லது 20 கேஜ் ஊசி, பிறப்புறுப்புச் சுவரைக் குத்தி நேரே ஒரு கறுப்பு வட்டத்துக்குள் நுழையும். ஊசி நுனி வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்ததும் மருத்துவர் கால்மிதியை அழுத்துவார். வட்டம் சுருங்கி மறையும். ஊசியைச் சற்றே சுழற்றிவிட்டு அடுத்த வட்டத்துக்குப் போவார். 3 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரையிலான பைகளே முதன்மை இலக்கு. மிகப் பெரிய பை இருந்தால் அதன் நீரால் மற்றவற்றுக்கு இடைஞ்சல் வரும் என்பதால் அதைத் தனியாக வடித்துவிடுவார்கள்.

உறிஞ்சும் வேகம் நிமிடத்துக்கு 15 முதல் 20 மில்லி நீர் வரும் அளவில் இருக்க வேண்டும். வேகம் கூடினால் முட்டையைச் சுற்றியுள்ள செல் போர்வை பிய்ந்து, வெறும் முட்டை வந்து சேரும். குறைந்தால் முட்டை பைக்குள்ளேயே தங்கிவிடும். குழாய்க்குள் இரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் சேர்த்த கழுவுநீர், 37 டிகிரி செல்சியஸில் வைத்த சோதனைக் குழாயில் முன்பே இருக்கும். ஒரு சினைப்பை முடிந்ததும் ஊசியை வெளியே எடுத்து, அதே கழுவுநீரால் ஊசியையும் குழாயையும் அலசி அந்த நீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊசிக் குழாயின் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டைகள் அப்போதுதான் வரும். ஒரு மாட்டுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். மார்கழிக் காலைக் குளிரில் சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போவது முட்டைகளைக் கெடுக்கும். வெப்பப் பெட்டியோடே அறைக்குச் செல்ல வேண்டும்.

அறைக்குள் அந்த நீரை 75 மைக்ரான் வலையில் வடிகட்டி, மிஞ்சியதைத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் தேடுவார்கள். பண்ணையாளர் இதை ஒரு முறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும். முட்டை ஒரு மணல் துகளைவிடச் சிறியது. அதைச் சுற்றிப் பல அடுக்குச் செல்கள் இறுக்கமாக ஒட்டியிருந்து, உட்பகுதி ஒரே சீராகக் கருமை படர்ந்திருந்தால் முதல் தரம். செல் அடுக்குகள் குறையக் குறையத் தரம் இறங்கும். போர்வை முற்றிலும் உரிந்தவையும், செல்கள் சிலந்தி நூலாக விரிந்தவையும் கழிக்கப்படும். கருவி விற்பவர்கள் சொல்லும் எண்ணிக்கை எப்போதும் மொத்த முட்டைகளின் எண்ணிக்கை. நீங்கள் எழுதி வாங்க வேண்டியது முதல் இரண்டு தரங்களின் எண்ணிக்கை.

முடிந்த பிறகு மாட்டை நிழலில் கட்டி, வால் மரப்பு தெளியும் வரை படுக்கவிடாமல் பார்த்து, இரண்டு மூன்று நாள் பசியும் காய்ச்சலும் கவனிக்க வேண்டும். பிறப்புறுப்பில் சிறிது இரத்தம் கசிவது இயல்பு. தீனி எடுக்காமல் முதுகை வளைத்து நின்றாலோ, உடல் சூடு ஏறினாலோ, வயிற்றறையில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அடுத்த முறை எடுக்க இரண்டு வாரம் விடுவது நாட்டு மாட்டுக்கு ஏற்றது. மரப்பூசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடப்படுவதால் அந்த இடம் தடித்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு, சில முறைகளுக்குப் பிறகு மாட்டுக்கு நீண்ட ஓய்வு கொடுத்துச் சினையாக்கிவிட வேண்டும்.

ஆய்வகமும் நாள் கணக்கும்

எடுத்த முட்டை உடனே விந்தை ஏற்காது. 38.5 டிகிரியில், 5 விழுக்காடு கரியமில வாயுவில், 22 முதல் 24 மணி நேரம் அது முதிர வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் இன்குபேட்டர் இருந்தால் இந்த முதிர்ச்சி நேரத்திலேயே பயணமும் முடிந்துவிடும். மறுநாள் விந்துக் குச்சியை உருக்கி, உயிருள்ள விந்தணுக்களைப் பிரித்து, முட்டைகளோடு 18 முதல் 20 மணி நேரம் வைப்பார்கள். ஒரு குச்சி விந்து பல முட்டைகளுக்குப் போதும் என்பதால், அரிய காளையின் விந்து மிச்சமாகும். சினை ஊசியில் ஒரு மாட்டுக்கு ஒரு குச்சி போய்விடும். எல்லாக் காளைகளின் விந்தும் ஆய்வகத்தில் ஒரே அளவில் வேலை செய்யாது, ஆகவே அந்தக் காளையின் விந்து முன்பு சோதிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். கிடாரி மட்டும் வேண்டுமென்று பாலினம் பிரித்த விந்தைப் பயன்படுத்தினால் பத்தில் ஒன்பது கிடாரியாக இருக்கும். ஆனால் கருவாகும் விழுக்காடு சற்று இறங்கும்.

கரு ஏழாம் நாள் வைக்கும் நிலைக்கு வரும். திங்கட்கிழமை முட்டை எடுத்தால் செவ்வாய்க்கிழமை விந்து சேரும். அடுத்த செவ்வாய்க்கிழமை கருவை வைக்க வேண்டும். வாடகைத் தாய்ப் பசுக்கள் முதல் செவ்வாய்க்கிழமையை ஒட்டி, ஒரு நாள் முன்பின்னாகப் பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். இதற்காக 7 முதல் 9 நாள் வரை புரோஜெஸ்டிரோன் சாதனத்தைப் பிறப்புறுப்பில் வைத்து எடுத்து, புராஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் பருவம் தெரியும். ஆகவே வாடகைத் தாய்களின் வேலை முட்டை எடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. கொடைப் பசுவை மட்டும் தயார்செய்துவிட்டு வாடகைத் தாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களின் கருக்கள் உறைநிலைக்குப் போகின்றன. ஆய்வகக் கரு உறைந்து உருகினால் சினைப்பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது.

கணக்கை முன்பே போட்டுக்கொள்ளலாம். 20 முட்டை கிடைத்து, அதில் 16 தேறி, அவற்றில் நான்கில் ஒன்று கருவானால் 4 கரு. அந்த நான்கை நான்கு பசுக்களில் வைத்தால் ஒன்று அல்லது இரண்டு சினை. இதுவே நல்ல நாளின் கணக்கு. நான்கு கருவுக்கு நான்கு பசு என்று வைத்துக்கொள்ளக்கூடாது. பருவம் காட்டாதவையும், ஏழாம் நாள் சோதனையில் மஞ்சள் திரள் (முட்டை வெளிவந்த பின் சினைப்பையில் உருவாகும் திரள்) இல்லாதவையும் கழியும் என்பதால் ஆறேழு பசுக்கள் தயாராக இருக்க வேண்டும். கோபி, பொள்ளாச்சிப் பக்கம் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில் இருக்கும் ஜெர்சிக் கலப்பு மாடுகள், இரண்டாவது மூன்றாவது ஈத்தில், சிக்கலின்றி ஈன்றவையாக இருந்தால் காங்கேயம் கருவுக்கு நல்ல வாடகைத் தாய்கள். மாறாகச் சீமை மாட்டுக் கருவைச் சிறிய நாட்டுப் பசுவில் வைத்தால் கன்று பெருத்து ஈனமாட்டாமல் தவிக்கும். சினையை 30ஆம் நாள் வாக்கில் ஸ்கேனிலும், இரண்டு மூன்று மாதத்தில் கையாலும் உறுதிசெய்ய வேண்டும். இடையில் சில கருக்கள் கரைவது உண்டு.

குதிரைக்கு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளை வாங்கி வளர்ப்பவர்கள் இதே முறையைத் தங்கள் பெண் குதிரைக்கும் கேட்கிறார்கள். கருவி ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. குதிரையின் முட்டை நீர்ப்பைச் சுவரோடு இறுக ஒட்டியிருப்பதால் உறிஞ்சினால் மட்டும் வராது. இரட்டைத் துளையுள்ள தடித்த 12 கேஜ் ஊசியைச் செலுத்தி, ஒரு துளை வழியாகக் கழுவுநீரை விட்டு, மறு துளை வழியாக உறிஞ்சி, ஊசி நுனியால் சுவரை வருடி, ஒவ்வொரு பையையும் ஆறேழு முறைக்கு மேல் அலச வேண்டும். அப்படியும் பாதி அளவுக்கே முட்டை கிடைக்கும். மாட்டைப் போல ஹார்மோன் ஊசியால் குதிரையில் பல முட்டைகளை முதிர வைப்பதும் எளிதன்று.

குதிரையின் மலக்குடல் மெல்லியது. கிழிந்தால் உயிர் போகும். அதனால் மயக்க மருந்தும், குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசியும், வலி மருந்தும் கட்டாயம். குதிரையில் பயிற்சி பெற்ற மருத்துவரைத் தவிர வேறு யாரையும் தொடவிடக்கூடாது. எடுத்த முட்டையை அறை வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருந்து தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப முடிவது குதிரையில் உள்ள ஒரு வசதி. மாட்டு முட்டைக்கு அது ஒத்துவராது. ஆய்வகத்தில் விந்தோடு சேர்த்து வைத்தால் குதிரை முட்டை கருவாவது அரிது என்பதால், ஒற்றை விந்தணுவை நுண் ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிறார்கள். 1996இல் அப்படி முதல் குட்டி பிறந்தது. விந்தை நெடுநேரம் தனியாகப் பக்குவப்படுத்திச் சேர்த்து வைக்கும் எளிய வழியில் வெற்றி கண்டதாக 2022இல்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் அறிவித்தனர். பீகானேரில் 2023இல் பிறந்த மார்வாரிக் குட்டி கருப்பையைக் கழுவி எடுத்த கருவை மாற்றி வைத்து உண்டானது. கருப்பை நலமாக உள்ள குதிரைக்கு இந்தக் கழுவும் வழியே முதலில் கேட்க வேண்டியது. முட்டை உறிஞ்சுவது சினைபிடிக்க முடியாத வயதான குதிரைக்கு மட்டும் யோசிக்கத் தக்கது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

வாடகைத் தாய் அடுத்த வீட்டு மாடாக இருந்தால், கரு வைப்பதற்கு முன்பே ஒப்பந்தம் எழுத வேண்டும். சினைக்காலத் தீவனச் செலவு யாருடையது, கரு கரைந்தால் என்ன, காளைக்கன்று பிறந்தால் யாருக்கு, சீம்பாலும் அதற்குப் பிறகு எத்தனை மாதப் பாலும் கன்றுக்கு விடப்படும் என்பவை தனித்தனி வரிகளாக இருக்கட்டும். பால் ஊற்றும் வீட்டில் கன்றின் பங்கு குறைந்துபோவது இயல்பு என்பதால் கடைசி வரியை விட்டுவிடக்கூடாது. கொடைப் பசு, வாடகைத் தாய் இரண்டின் 12 இலக்கக் காதுத் தோட்டு எண்களும், காளையின் விந்துக் குச்சி எண்ணும் அதில் இடம்பெற வேண்டும்.

கன்று பிறந்ததும் வாலின் மயிரை வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பித் தாய் தந்தையை உறுதிசெய்துகொள்வது, விற்பனைக்கும் பதிவுக்கும் உதவும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாகத்தான் இருக்கும்; ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். ஜெர்சிக் கலப்புத் தாயின் பக்கத்தில் அப்படி ஒரு செங்கன்று நிற்பதைப் பார்த்து, கரு மாறிவிட்டது என்று ஆய்வகத்தோடு சண்டைக்குப் போவதற்கு முன் அந்தச் சோதனை முடிவைப் பார்த்துவிட வேண்டும்.